கண்மாய்க்குள் போன காலனி

என் பணி நிறைவுக் கூட்டத்தில் நான் பேசும் முறை வந்தபோது, மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பிறகு "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருட வேலைக்கு அவ்வளவுதான் என் உரை. கூட்டத்தில் எழுந்து பேசுவது எனக்கு எப்போதுமே வராது. மூட்டு வலி காரணமாக நானே எழுதிக் கொடுத்து, வயதுக்கு முன்பே விலகியவள் என்பதால் யாரும் வற்புறுத்தவும் இல்லை.

ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கும் மகேஸ்வரி விடவில்லை. வாசல் வரை கூடவே வந்தாள்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே படத்தைப் பாத்து, இது வீடு, இது வயக்காடு, இது குளம்னு கலர் போட்டுருதுக்கா. நாங்க எதுக்கு வெயில்ல போய்ப் பாக்கணும்னு சார்கிட்ட கேட்டோம். உங்களக் கேக்கச் சொன்னாவ."

"போகணும்" என்று மட்டும் சொன்னேன்.

"ஏன்னு எழுதியாவது குடுங்க."

அதனால்தான் இது.

எங்கள் அலுவலகத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி நாலா பக்கமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் வீடுகள் வரலாம், எங்கே தொழிற்சாலை இருக்கலாம், எதை வயலாகவும் கண்மாயாகவும் அப்படியே விட வேண்டும் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. அதைத் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு அடிப்படை, செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படம். படத்தில் ஒரு இடம் எப்படித் தெரிகிறதோ அதை வைத்து அலுவலகத்தில் நிறம் கொடுப்பார்கள். வீடு என்றால் மஞ்சள், தண்ணீர் என்றால் நீலம். கொடுத்த நிறம் சரிதானா என்று அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து வருகிறவள் நான். பதவியின் பெயர் களப்பணி உதவியாளர். படிப்பு பத்தாவது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில நாட்கள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். எனக்குப் புரிந்தது, அந்தப் படத்தில் செடி கொடியெல்லாம் சிவப்பாகத் தெரியும் என்பது மட்டும்தான். இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பி அனுப்புமாம். செயற்கைக்கோள் அதைப் பார்க்கும். நமக்குக் காட்டுவதற்காக அதற்குச் சிவப்பு கொடுத்துவிடுகிறார்கள். முதல் தடவை விளாத்திகுளம் பக்கம் போனபோது, ஒரு களத்தில் பழுத்த மிளகாயைக் காயப் போட்டிருந்தார்கள். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. படத்தில் அந்த இடம் மஞ்சள். பக்கத்தில் பச்சைப் பசேல் என்று நின்ற மிளகாய்ச் செடி படத்தில் சிவப்பு. நான் படத்தையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். களத்துக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களோ என்னவோ" என்றார்.

வேலை முறை இதுதான். படத்தின் மேல் அங்கங்கே எண்ணிட்ட புள்ளிகள் இருக்கும். நிற்கிற இடத்தை எண்களாகக் காட்டும் கைக்கருவியை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிக்கு நடந்து போக வேண்டும். கருவியில் எண்கள் ஓடி அடங்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு தாளில் எழுத வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பி, கால் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம் கனக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். என் பேனாக்கள் பல அந்த வெடிப்புகளுக்குள்தான் போயின. கடைசியில் பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் துணை இயக்குநர் தேவசகாயம் சார் அந்தத் தாளில் இரண்டு பகுதி வைத்திருந்தார். ஒன்று, நான் பார்த்தது. மற்றது, அங்குள்ளவர்கள் சொன்னது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒருமுறை ஒரு வீட்டைப் பற்றி "வீடு" என்று எழுதிக் கொடுத்தேன். சார் பென்சில் நுனியைத் திரையில் அந்தக் கூரை மேல் வைத்து, "உள்ள போய்ப் பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். திரும்பப் போனேன். முன்னறையில் கட்டில், டிவி. பின்கட்டில் தீப்பெட்டி ஒட்டும் வேலை, பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஒன்றுதான். அதன் கீழே வீடும் இருந்தது, தீப்பெட்டி ஆபீசும் இருந்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

சார் யாரையும் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பென்சிலைத் திரையில் வைத்து "இங்க என்ன?" என்பார். தெரியாது என்று சொன்னால் கோபப்பட மாட்டார். "சரி, தெரியாதுன்னு எழுதுங்க" என்பார். தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னால் மட்டும் பென்சிலை மேசையில் படுக்க வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அறையில் நிற்க முடியாது.

இனி புதுக் காலனி.

கயத்தாறு போகிற பக்கம், ஊர் முடிகிற இடத்தில் ஒரு சிறிய கண்மாய். அதன் கரைக்கு இந்தப் பக்கம் பழைய பருத்திக் காடு. அதை மனைகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள். கிட்டத்தட்ட எல்லாரும் மனை வாங்கியதோடு நின்றிருந்தார்கள். ஒரே ஒரு வீடு மட்டும் ஜன்னல் உயரத்துக்கு மேல் எழும்பியிருந்தது. அது செல்லத்தாய் வீடு. அவள் தீப்பெட்டிக்குள் குச்சி அடைக்கிறவள். கணவர் லாரி ஓட்டுகிறார்.

எங்கள் வரைவு வரைபடம் வெளியானபோது, அதில் அந்தக் கண்மாய் கரையைத் தாண்டிப் பெருத்திருந்தது. புதுக் காலனியில் முக்கால் பாகம் நீலம். நீர்நிலை என்று குறித்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடையாது. கட்டியிருந்தால் அகற்ற வேண்டும். செல்லத்தாய் வீட்டு வேலை அன்றைக்கே நின்றுவிட்டது. ஆட்சேபணை கேட்கும் நாளுக்குள் அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி சார் என்னை அனுப்பினார்.

நான் போனபோது செல்லத்தாய் பாதிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும், "நீங்கதான் எங்க வீட்டைக் கண்மாய்க்குள்ள போட்டவியளா?" என்றாள். பக்கத்து மனைக்காரி மாரியம்மாளும் இன்னும் சில பெண்களும் கூடிவிட்டார்கள்.

"நான் போடல. பாக்க வந்திருக்கேன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. தண்ணி எங்கன கிடக்குன்னு காட்டுங்க. நான் ரெண்டு குடம் கோரிக்கிடுதேன். குழாயில தண்ணி வந்து ஒரு வாரமாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் தேங்குகிற நிலம் என்றால், வற்றிய பிறகும் அடையாளம் விட்டுப் போகும். நத்தை ஓடு கிடக்கும், கோரை முளைத்திருக்கும், சுவரில் ஒரு கோடு விழுந்திருக்கும். கரிசல் வற்றும்போது மேல்மண் சிறு சிறு வில்லைகளாகச் சுருண்டு கிடக்கும். ஒவ்வொன்றாகத் தேடினேன். கரை ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் மட்டும் நத்தை ஓடுகள் இருந்தன. அது யார் மனையும் இல்லை. வேறெங்கும் எதுவும் இல்லை. செல்லத்தாய் வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, சுக்கான் பாறை தட்டும் வரை போய், சரள் நிரப்பி எழுப்பியிருந்தார்கள். அரைகுறையாகக் கட்டிய வீடு இல்லை அது.

பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சார் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். திரையில் கார்த்திகை மாதத்துப் படம் இருந்தது. கண்மாய் கறுத்து நிறைந்திருந்தது. அதை ஒட்டி, காலனிப் பக்கமும் அதே போன்ற நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

"தண்ணி நிக்கிற இடம் இல்லைங்கீங்க. அப்ப படம் எதைப் பாத்திருக்கு?"

கோடைக்காலத்துப் படத்தையும் அவர் எடுத்துப் பார்த்திருந்தார். அதில் காலனியில் நீலம் இல்லை. ஆனால் கோடையில் கண்மாயும்தான் காய்ந்து கிடந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படம் அத்தனை தெளிவும் இல்லை. படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது; ஒரு கட்டம் தரையில் ஒரு சின்ன வீட்டை அடைத்துவிடும். கைப்பேசியில் கிடைக்கும் தெளிவான படம் பழையது. அதில் செல்லத்தாய் வீடே இல்லை.

"நீங்க பாத்ததை நம்புறேன்" என்றார் சார். "ஆனா காரணம் தெரியாம நீலத்தை அழிக்க மாட்டேன். அழிச்சிட்டு, அடுத்த பெருமழையில அந்தப் பொம்பளை வீட்டுக்குள்ள ராவோட ராவா தண்ணி வந்தா யார் பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். அந்த வீடு நிற்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. நின்றபின் மூழ்கக் கூடாது என்று அவருக்கு இருந்தது.

மறுபடியும் போனேன். பங்குனி வெயில். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு புள்ளியில் நான் அசையாமல் நிற்பதைப் பார்த்த செல்லத்தாய்க்கு மனம் கேட்கவில்லை.

"இந்த வெயில்ல நின்னா மண்டை வெடிச்சிரும். இருங்கக்கா" என்று உள்ளே போய் ஒரு நீலத் தார்ப்பாயை எடுத்து வந்தாள். அவளும் மாரியம்மாளும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மனையின் நான்கு மூலையிலும் வேலிக்கருவைக் கம்பு நட்டிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு மூலையிலாவது முடிச்சுப் போடத் தடுமாற வேண்டுமே, இல்லை. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி அடுத்த மனையைப் பார்த்தேன். அங்கேயும் நான்கு கம்பு. அதற்கடுத்ததிலும் நான்கு.

அளவுக்கல் என்றால் தரையோடு இருக்கும். இந்தக் கம்புகள் ஆள் உயரம் இருந்தன.

"எல்லா மனையிலயும் எதுக்கு நாலு கம்பு?" என்று கேட்டேன்.

செல்லத்தாய் மாரியம்மாளைப் பார்த்தாள். மாரியம்மாள் கண்மாயைப் பார்த்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு அடுக்கடுக்காகக் கேள்வி கேட்க வராது. பேசாமல் இருப்பேன். பேசாமல் இருக்கிற ஆள் எதிரே இருந்தால் மற்றவர்களால் இருக்க முடிவதில்லை. வேலையில் எனக்கு உதவிய ஒரே குணம் அதுதான்.

"சொல்லித் தொலைட்டி" என்றாள் மாரியம்மாள்.

"நீ சொல்லு மதினி. உன் மாப்பிள்ளையும் சேந்துதான பாயைத் தூக்கிட்டு வந்தாவ."

"உன் கொழுந்தன் பேச்சைக் கேட்டுத்தான வந்தாவ."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். செல்லத்தாயின் கொழுந்தன் முருகன் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி காயப்போடும் களத்தைப் பார்த்துக்கொள்கிறவன். ஆகாயத்திலிருந்து படம் எடுத்துத்தான் புது வரைபடம் போடுகிறார்கள் என்று அவன் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். "வெறும் தரையாத் தெரிஞ்சா விவசாய நிலம்னு எழுதிருவாவ. கூரை தெரிஞ்சாத்தான் வீட்டு மனை" என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டான். வீடு கட்ட எல்லாரிடமும் வசதி இல்லை. கூரை காட்டினால் போதுமே. அவன் வேலை செய்கிற ஆபீசில் மழைக்குக் குச்சியை மூடும் தார்ப்பாய்களை மாற்றியிருந்தார்கள். பழையதையெல்லாம் கேட்டு வாங்கிவந்து, மனைக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

"என்னைக்குப் படம் எடுப்பாவன்னு தெரியாதுல்லா" என்றாள் செல்லத்தாய். "அதான் கார்த்திகை பூரா அவுக்கவே இல்ல. காத்துல பிஞ்சா ஓடியோடிக் கட்டுவோம்."

"நான் ஒருநா ராத்திரி ஊருக்குப் போகாம இதுக்குக் காவல் கிடந்தேன்" என்றாள் மாரியம்மாள்.

"இதை ஏன் யாரும் முன்னாலயே சொல்லல?"

"அரசாங்கத்தை ஏமாத்தப் பாத்தோம்னு கேசு போட்டுட்டாவன்னா? இருக்கிற மனையும் போயிரும்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். யாரையும் கேட்காமல், யோசிக்காமல் சொன்னேன். "எங்க சார் அப்படிச் செய்யமாட்டாவ."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. சார் சார்பில் வாக்குக் கொடுக்க நான் யார்? அவர் விதிப்படி மேலே எழுதினால், என்னை நம்பி வாய் திறந்தவர்களின் கதி என்ன? தாளில் "அங்குள்ளவர்கள் சொன்னது" என்ற பகுதியை நிரப்பாமலே அவர் முன்னால் போய் நின்றேன். வாயால் சொன்னேன். வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.

சார் பென்சிலை மேசையில் படுக்க வைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தத் தார்ப்பாயெல்லாம் இப்பவும் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். ஒண்ணு குளியல் தட்டி, ஒண்ணு ஆட்டுக் கொட்டகை."

"திரும்பக் கட்டச் சொல்லுங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அந்தச் செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை நம் ஊரைக் கடந்து போகும். எந்த நாள் என்று முன்பே தெரியும். இப்போது கண்மாய் காய்ந்து கிடக்கிறது, காலனியிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த நேரத்தில் பாயைக் கட்டியும் படத்தில் நீலம் விழுந்தால், கார்த்திகையில் விழுந்ததும் பாய்தான் என்று தெரிந்துவிடும். அதற்கடுத்த முறை பாயை அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

"விழலைன்னா சார்?"

"விழலைன்னா அது தண்ணி. வீடு கட்ட விடமாட்டேன்."

இதை அப்படியே காலனியில் சொன்னேன். செல்லத்தாய் தன் சுவரைத் தடவிப் பார்த்தாள். "கட்டுவோம்" என்றாள்.

குறித்த நாளில் சாரே வந்துவிட்டார். பங்குனிக் காற்று பாய்களைத் தூக்கியடித்தது. முருகன் மேஸ்திரி போல நின்று, "ஏலே, ஓரத்தை இழுத்துக் கட்டுலே, மேல இருந்து பாக்காவ" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கம்பு சாய்ந்துவிட்டது. அந்த மூலையை சார் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நவுந்து நில்லுங்க சார்" என்றாள் மாரியம்மாள். "படத்துல விழுந்தா உங்களையும் கண்மாய்னு போட்ருவாவ."

அன்றைக்குப் பார்த்து வானத்தை மேகம் அடைத்துவிட்டது. படம் முழுக்க வெள்ளை. மறுபடியும் காத்திருந்தோம். தினமும் காலையில் எழுந்ததும் வானத்தைத்தான் பார்ப்பேன். இந்தப் பக்கத்தில் மழை வராதா என்று வானத்தைப் பார்க்காதவர் கிடையாது. வரக் கூடாது என்று பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த முறை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. படம் வந்ததும் சார் என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்மாய் வறண்ட மண்ணின் நிறத்தில் கிடந்தது. காலனி இருக்கிற இடத்தில், கார்த்திகைப் படத்தில் இருந்த அதே திட்டுகள். கம்ப்யூட்டரை நிறம் கொடுக்கச் சொன்னார். தண்ணீரே இல்லாத கண்மாயை விட்டுவிட்டு, அதன் கரைக்கு வெளியே அது அழகாக நீலம் பூசியது. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாயை அவிழ்த்த பிறகு எடுத்த படத்தில் நீலம் இல்லை.

ஆட்சேபணை கேட்கும் நாளில் செல்லத்தாய் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்சேபணைகளைக் கேட்டு முடிவு செய்யும் குழுவில் இருந்த ஒருவர், "அப்போ ஏமாத்தணும்னுதான் கட்டியிருக்கீங்க" என்றார். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"வீட்டு மனை இருக்குன்னு காட்டத்தான் சார் கட்டுனோம். அது கண்மாய்னு பாத்துருச்சு. ஏமாந்தது நாங்கதான்."

கேட்டவரே சிரித்துவிட்டார். சார் படங்களை வரிசையாக வைத்து விளக்கினார். நத்தை ஓடு கிடந்த துண்டை மட்டும் திறந்தவெளியாக விட்டு, மற்றதை வீட்டு மனைகளாகவே குறித்தார்கள். கேசு என்று யாரும் பேச்செடுக்கவில்லை. வெளியே வந்ததும் செல்லத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாருக்குக் கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். அவர் அங்கேயே பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

மகேஸ்வரிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. மேலிருந்து பார்த்தால் அது நீலம்தான். அது பாய் என்று கீழே நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும், கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்தால்தான் சொல்வார்கள்.

இப்போது புதுக் காலனியில் நிறைய வீடுகள் வந்துவிட்டன. சும்மா இருக்கும்போது கைப்பேசியில் ஊர்ப் படத்தைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன வாரம் புதுப் படம் வந்திருந்தது. கண்மாய்க் கரையைப் பிடித்து, விரலால் பெரிதாக்கி, செல்லத்தாய் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். நட்ட நடுவில் ஒரு நீலச் சதுரம். உடனே போன் போட்டேன்.

"ஏட்டி, மாடியில என்னது நீலமா?"

"மிளகா வத்தல் காயப்போடுத பாய்க்கா. எப்பவும் மாடியிலதான் விரிச்சுக் கிடக்கும். அந்தப் பழைய பாய்தான்."

"எடுத்துருட்டி."

"சும்மா கிடங்கக்கா" என்றாள் அவள். "இப்ப கீழ வீடு இருக்கு."

போனை வைத்துவிட்டு மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீலத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவர் தெளிவாகத் தெரிந்தது.